எனாமல் கொட்டிப் பாழான பவானி ஜமக்காளம்: இழப்பீடு கோரி இறுதிப் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் புகார் எண் உங்கள் கணினியில் இருக்கிறது. இருந்தும் ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுத்தில் தருகிறேன்.

பொங்கலுக்கு முன் உங்கள் நிறுவனம் அனுப்பிய ஆட்களை வைத்துத்தான் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். சாமான்களைப் பிளாஸ்டிக் விரிப்பால் முழுவதும் மூடிய பிறகே வேலை தொடங்கும் என்று உங்கள் ஒப்பந்தத் தாளில் அச்சடித்திருக்கிறது. வந்தவர்கள் போர்த்தியதோ ஒரு கிழிசல் விரிப்பு. ஜன்னல் கம்பிக்கு அடித்த பச்சை எனாமல் (எண்ணெய் பெயின்ட்), அந்தக் கிழிசல் வழியாகக் கட்டிலில் இருந்த ஜமக்காளத்தில் கொட்டிவிட்டது. மாலையில் நாங்களே விரிப்பை எடுக்கும் வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஈரம் காய்வதற்குள் சொல்லியிருந்தால் டர்பன்டைன் தொட்டு ஒற்றி எடுத்திருப்பேன். பிரஷ் கழுவ அவர்களிடமே ஒரு பாட்டில் இருந்தது!

உங்கள் இலவச எண்ணில் பேசிய பெண், சோப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னார். அது சுவருக்கு அடிக்கும் எமல்ஷனுக்கு, அதுவும் காய்வதற்கு முன் செய்ய வேண்டியது. காற்றுப் பட்டு இறுகிவிட்ட எனாமலைச் சோப்புத் தண்ணீர் என்ன செய்யும்? இரண்டையும் தயாரிப்பவர்கள் நீங்கள். இதை நானா உங்களுக்குச் சொல்லித்தர வேண்டும்? அடுத்துப் பேசியவர் ப்ளீச்சிங் பவுடர் போடச் சொன்னார். சிவப்புப் பட்டையின் சாயம் வெளுத்துப்போனது. நடுவில் பச்சைத் திட்டு மட்டும் அப்படியே நிற்கிறது. மடித்தால் விரிசல் விடுகிறது, ஆனால் நூலை விட்டு வரவில்லை.

பிறகு, கோவைக் கிளைக்கு நேரில் கொண்டுவந்து காட்டச் சொன்னீர்கள். அந்தக் கனமான ஜமக்காளத்தைச் சுருட்டிக்கட்டி ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் தூக்கி வந்தேன். மதியம் வரை உட்காரவைத்தார்கள். கடைசியில் வந்த அதிகாரி அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "பழைய ஜமக்காளம்தானே அம்மா, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். என் தாயின் சீரில் வந்தது அது. என் பிள்ளைகளுக்குக் காது குத்தியதும் அதில் உட்காரவைத்துத்தான். எத்தனை லட்சம் கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது. அவர் சொன்ன சொல்லை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

திரைச்சீலைகளிலும் பெயின்ட் தெறித்திருக்கிறது. அதை இதுவரை ஒருவரும் கேட்கவே இல்லை.

உங்கள் பெயின்ட்டில் நான் குறை சொல்லவில்லை, சுவர் நன்றாகவே வந்திருக்கிறது. அந்த மரியாதையில்தான் கேட்கிறேன். விஷயம் தெரிந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்பி, உங்கள் செலவில் கறையை எடுக்கப் பாருங்கள். முடியாவிட்டால் ஜமக்காளத்துக்கும் திரைச்சீலைகளுக்கும் இழப்பீடும், என் பஸ் செலவும், கிளை அதிகாரியின் எழுத்துப்பூர்வமான மன்னிப்பும் வேண்டும்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நானே வாதாடலாம் என்பதெல்லாம் விசாரித்துவிட்டேன். ஒப்பந்தத் தாள், புகைப்படங்கள், ஜமக்காளம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

தயவுசெய்து அந்தக் கிளை அதிகாரியை மட்டும் என் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஈரோடு.