தங்கையின் மின்னஞ்சலும் பழைய எழுத்துருவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு பதிப்பில் வந்த இணைய வரலாற்றுக் கட்டுரையைப் பேரனுக்கு வாசித்துக் காட்டினேன். 1969 அக்டோபரில் கலிபோர்னியாவில் முதல் செய்தியை அனுப்பியபோது, இரண்டே எழுத்து போய்ச் சேர்ந்ததும் கணினி படுத்துவிட்டது என்ற இடத்தில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நல்ல கட்டுரை. ஆனால் இணையத்துக்குள் தமிழ் எப்படி வந்தது என்று ஒரு வரிகூட இல்லையே!

1999இல் சுங்கை சிப்புட் பட்டணத்தில் கடைவீட்டு மாடியில் ஒரு சைபர் கஃபே இருந்தது. மணிக்கு மூன்று வெள்ளி (ரிங்கிட்). மோடம் 1515 என்ற தொலைபேசி எண்ணுக்கு அடித்து, கீச்சிட்டு, இரைந்து, ஒருவழியாக இணைப்பு கிடைக்கும். இங்கிலாந்தில் தாதியாக இருந்த என் தங்கை முதன்முதலாகத் தமிழில் எழுதிய மின்னஞ்சலைத் திறந்தேன். திரையில் தமிழே இல்லை. தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஆங்கில எழுத்துகள்தான் வரிவரியாக நின்றன. கடைப் பையன் ஒரு டிஸ்கெட்டைச் செருகி முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை ஏற்றினான். எழுத்துருவை மாற்றியதும், “அண்ணே, இங்கே பனி கொட்டுது” என்று அவள் குரலே கேட்டது போல இருந்தது. அச்சடித்த தாளைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குக் கொண்டுபோய் அம்மாவுக்கு வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

அந்தக் காலத்தில், எந்த எழுத்துக்கு எந்த எண் என்று கணினிக்குச் சொல்ல ஆளுக்கொரு குறியீட்டு முறை. ஒன்றில் ‘க’ இருக்கும் எண்ணில் மற்றொன்றில் வேறு எழுத்து இருக்கும். இதைச் சரிசெய்யத்தான் 1997இல் சிங்கப்பூரில் கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று மாநாடு கூட்டினார். 1999இல் சென்னையிலும் 2001இல் கோலாலம்பூரிலும் கூடிப் பேசினார்கள். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசிய நாட்டுக்காரர். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது நம் கணினிகளில் மெல்லப் புழங்கியது.

தங்கை இப்போது இல்லை. அவள் எழுதிய நாற்பத்தொரு கடிதங்களும் டிஸ்கெட்டில் அதே கொம்பு முளைத்த எழுத்தாகக் கிடந்தன. போன வருடம் மருமகன்தான் யூனிகோடுக்கு மாற்றித் தந்தான். பழைய முறையில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும். யூனிகோடில் ‘க’தான் முதலில் வரவேண்டும். அதனால் எண்ணுக்கு எண் மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள் என்று தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

ஐயா, உங்கள் அலுவலகக் கணினிகளிலும் அந்த ஆண்டுகளின் கோப்புகள் இருக்கும். எங்கள் பக்கத்தில் தோட்டம் விற்கப்பட்டது, லயங்கள் இடிபட்டது, மாரியம்மன் கோயில் இடம் மாறியது எல்லாம் தமிழ்ப் பத்திரிகையில்தான் வந்தன. அவற்றைத் தேட இன்று வழியில்லை. அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி வாசகர்களுக்குத் திறந்துவிடுங்கள். எழுத்துருவின் பெயர் தெரிந்த பழைய ஊழியர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் எனக்குக் காலை நேரம் முழுவதும் ஓய்வுதான். சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்),
சுங்கை சிப்புட், பேராக்.