பட்டம்மாளின் பல்லவிகள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

கர்நாடக இசைப் பாடகி சங்கீத கலாநிதி டி.கே. பட்டம்மாள் 2009-இல் தமது 90-ஆவது வயதில் மறைந்த செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்து மனம் கனத்தது. அஞ்சலிக் குறிப்பில் பெரும்பகுதி அவர் பாடிய பாரதியார் பாடல்களைப் பற்றியே இருந்தது. அப்பாடல்களின் பெருமையை யார் மறுப்பார்? ஆயினும், அவருடைய தனிச் சாதனை வேறு. ராகத்தையும் தானத்தையும் பாடி, பல்லவி என்னும் ஒரு வரியைத் தாளக் கணக்குகளோடு பலவாறு விரித்துப் பாடும் ‘ராகம் தானம் பல்லவி’ என்றால் ஆண் வித்வான்களின் சொத்து என்றே பலரும் கருதிய காலத்தில், பாடகர் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டு லயத்தை வசப்படுத்தி, கடினமான தாளங்களிலும் அசராமல் பல்லவி பாடியவர் அவர். ‘பல்லவி பட்டம்மாள்’ என்ற பெயர் சும்மா வந்துவிடவில்லை. அது வெறும் பட்டமாகச் சுருங்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

வாய்ப்பாட்டு கற்பிப்பவள் நான். மாணவியருக்குப் போட்டுக்காட்ட, அவர் பாடிய முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் (இசைப் பாடல்கள்) கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. முழு அளவிலான ஒரு பல்லவிக்கோ, எவரோ வானொலியிலிருந்து பதிந்து வைத்த தேய்ந்துபோன ஒலிநாடாவை இரவல் வாங்க வேண்டியிருக்கிறது. அதிலும் தாள வாத்தியக்காரர்கள் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு முன்பே நாடா தீர்ந்துவிடும்! இரங்கல் கூட்டங்கள் நடக்கட்டும். கூடவே, அகில இந்திய வானொலியும் சபாக்களும் தங்களிடம் உள்ள அவருடைய பல்லவிப் பதிவுகளைத் திரட்டி, ராகம், தாளம், பக்கவாத்தியக் கலைஞர்கள் பற்றிய குறிப்புகளுடன், மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் குறுந்தகடுகளாக வெளியிட வேண்டும்.

– ஓர் இசை ஆசிரியை, சென்னை