அவை குண்டுக்குழிகள் அல்ல, காரேஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஆப்கானிஸ்தான் கட்டுரையின் வான்படத்துக்கு ‘குண்டுவீச்சில் உண்டான பள்ளங்கள்’ என்று விளக்கம் போட்டிருக்கிறீர்கள். கட்டுரைக்குள்ளும் ‘போராளிகள் வெட்டிய சுரங்கப்பாதைகள்’ என்று ஒரு வரி வருகிறது. இரண்டுமே தவறு. அதைவிட, அந்த நாட்டில் போர் எதை அழித்தது என்பதைச் சொல்லக் கையில் கிடைத்த படத்தை நழுவவிட்டிருக்கிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

குண்டு விழுந்த பள்ளங்கள் தாறுமாறாகக் கிடக்கும். ஒன்று பெரிதாக இருக்கும், ஒன்று சிறிதாக இருக்கும், இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் படத்தில் இருப்பவை நூல் பிடித்த மாதிரி, ஏறக்குறைய ஒரே இடைவெளியில், மலையடியிலிருந்து ஊரை நோக்கி இறங்குகின்றன. ஒவ்வொன்றும் உளுந்து வடை போல: சுற்றிலும் மண்வளையம், நடுவில் துளை. அதுதான் காரேஸ். ஈரானில் கனாத் என்பார்கள். நிலத்தடி ஊற்றை மோட்டார் இல்லாமல், மாடு கட்டி இறைக்காமல், வாட்டத்தை, அதாவது சரிவை மட்டும் நம்பி ஊருக்குக் கொண்டுவரும் சுரங்கக் கால்வாய் அது. ஆப்கானிஸ்தானில் ஆறாயிரத்துக்கும் மேல் இருந்ததாகச் சொல்வார்கள்.

கணக்கு எளிது. மலையடியில் நிலம் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் போனால் தரை 30 மீட்டர் உயர்ந்திருக்கும். சுரங்கத்தின் வாட்டமோ ஆயிரத்துக்கு ஒன்றுதான். அதே தூரத்தில் அது 3 மீட்டர்தான் உயரும். ஆக, மேல்கோடியில் இருக்கும் தாய்க்கிணற்றின் ஆழம் 27 மீட்டர். 30 மீட்டருக்கு ஒரு குழி என்றால் வழிநெடுக நூறு குழிகள். குழிகள் தண்ணீர் எடுப்பதற்கு அல்ல. உள்ளே இருப்பவருக்குக் காற்று இறங்கவும், தோண்டிய மண் மேலே ஏறவும். அந்த மண்ணைத்தான் வாயைச் சுற்றிக் கொட்டி வைக்கிறார்கள். மழைவெள்ளம் உள்ளே புகாமல் தடுக்கும் வரப்பும் அதுவே.

வாட்டம் கூடினால் ஓடும் நீர் தரையை அரித்துச் சுவரைச் சாய்க்கும். குறைந்தால் வண்டல் படிந்து அடைக்கும். இந்த நுணுக்கத்தைக் குனிந்து நிற்கவும் இடம் போதாத இருட்டில், குட்டைக் கைப்பிடிக் குந்தாலியும் எண்ணெய் விளக்கும் வைத்துக்கொண்டு பிடித்தவர்கள் காரேஸ்கன்கள். முதுகுக்குப் பின்னால் இரண்டு விளக்குகளை வரிசையில் வைத்து, ஒன்று மற்றொன்றை மறைக்கிறதா என்று பார்த்தால் வெட்டு நேராகப் போகிறதா என்று தெரிந்துவிடும். சுடர் மங்கினால் காற்று போதவில்லை, உடனே வெளியேற வேண்டும்.

தண்ணீர் வெளியே வரும் வாயில் முதல் உரிமை குடிநீருக்கு. அதற்குக் கீழேதான் துணி துவைப்பது, மாவு ஆலை, பிறகு வயல். பங்கு என்பது நேரக் கணக்கு: இன்னார் குடும்பத்துக்கு இத்தனை நாளுக்கு ஒருமுறை, இத்தனை நாழிகை. முறையைப் பார்த்துத் திருப்பிவிடுபவர் மீராப். நம் ஊர் நீர்க்கட்டி மாதிரி, அவருக்கும் கூலி அறுப்பில் கோதுமை. ஆண்டுதோறும் தூர்வாருவது ‘ஹஷர்’, அதாவது வீட்டுக்கு ஓர் ஆள்.

இனி போருக்கு வருகிறேன். 1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்த பிறகு, விமானச் சத்தம் கேட்டால் ஊர்மக்கள் ஓடி ஒளிந்த இடம் காரேஸ். ஆயுதம் ஏந்தியவர்களும் அங்கேதான் ஒளிந்தார்கள். லோகர் மாகாணத்தின் பத்குவாப்-இ-ஷானா கிராமத்தில் 1982 செப்டம்பர் 13 அன்று, உள்ளே ஒளிந்திருந்தவர்கள் மேல் சோவியத் படையினர் எரிபொருளை ஊற்றித் தீ வைத்தார்கள். இறந்தவர்கள் 105 பேர், அதில் சிறுவர்களும் உண்டு. சுரங்கம் போராளிகள் வெட்டியது என்று எழுதும்போது இந்த மக்களையும் போராளிக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அதனால்தான் அந்த ஒரு வரி எனக்கு உறுத்தியது.

ஆனால் பெரும்பாலான காரேஸ்கள் தீயால் சாகவில்லை. கவனிக்க ஆளில்லாமல் செத்தன. கவச வண்டி மேலே ஏறினால் குழியின் விளிம்பு உடையும். பக்கத்தில் குண்டு விழுந்த அதிர்ச்சியில் உள்ளே மேல்மண் சரியும். மண்வளையம் கரைந்த குழிக்குள் அடுத்த மழையின் செம்மண் வெள்ளம் இறங்கும். இவை எல்லாம் ஒரு ஹஷரில் சரிசெய்யக்கூடியவைதான். ஹஷருக்கு வர வேண்டியவர்கள் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளாக இருந்தார்கள். நூறு குழியில் ஓரிடம் அடைத்தாலும் ஊருக்குத் தண்ணீர் இல்லை. மீராபின் சொல்லுக்கும் மதிப்புப் போயிற்று. துப்பாக்கி வைத்திருந்தவரின் முறை எப்போதும் முதல் முறைதான். 1999இல் காபூலுக்கு வடக்கே ஷொமாலி சமவெளியில் தாலிபான்கள் திராட்சைத் தோட்டங்களை எரித்தபோது பாசன வழிகளையும் தகர்த்தார்கள்.

திராட்சை பற்றி ஒன்று. காந்தகார் பக்கம் திராட்சைக் கொடி பந்தலில் ஏறுவதில்லை. இடுப்பளவு, மார்பளவு மண்சுவர்களின் மேல் படர்த்துகிறார்கள். பழத்தைக் கிஷ்மிஷ் கானா என்ற கட்டடத்துக்குள் நிழலில் உலர்த்துவார்கள் (நாம் சொல்லும் கிஸ்மிஸ் அதே பாரசீகச் சொல்தான்). கனத்த மண்சுவர், காற்றுக்கு நீளநீளமான துவாரங்கள். சுவர் தோட்டாவைத் தாங்கும். துவாரத்தில் துப்பாக்கியை நீட்டலாம். விளைவு, 2010 வாக்கில் ஜாரி, அர்கந்தாப் பகுதிகளில் அமெரிக்கப் படை இவற்றை வெடிவைத்துத் தகர்த்தது. விவசாயிக்கு அது ஓர் ஆண்டுப் பழத்தைப் பதப்படுத்தும் இடம்.

‘போர் ஓய்ந்தால் தண்ணீர் திரும்பும்’ என்று கட்டுரை முடிகிறது. எப்படித் திரும்பும்? முதலில் கண்ணிவெடி அகற்றுபவர்கள் குழிவாய்களைப் பார்க்க வேண்டும். வெடிக்காத குண்டுகள் உள்ளே கிடக்கலாம். அடுத்து, வேலையை ஊர்ப்பக்க வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் அடைப்பு உடைந்து, பின்னால் தேங்கிய நீர் ஆளை அடித்துக்கொண்டு போகும். மேலே இருவர் கைராட்டினம் சுற்ற, உள்ளே இருப்பவர் பழைய டயர் ரப்பர் வாளியில் வண்டலை நிரப்பி அனுப்புவார். இளகிய மண்ணில் சுட்ட களிமண் வளையமோ கல்லோ வைத்துத் தாங்கு கொடுக்க வேண்டும். இங்கேதான் உதவிப் பணம் தவறு செய்யக்கூடும்: ஊற்றுக் கசியும் மேல்பகுதிக்கும் சேர்த்துச் சிமெண்ட் குழாய் பதித்தால் தண்ணீர் உள்ளே வர வழியில்லை. பார்க்கத் துப்புரவாக இருக்கும், வாயில் சொட்டு வராது.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் பக்கத்து வயலில் ஆழ்துளைக் கிணறு இருந்தால் வீண். காரேஸ் தன் சுரங்கத்தின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்கும் நீரை எடுக்க முடியாது. நிலத்தடி மட்டம் இரண்டு மீட்டர் இறங்கிவிட்டால், சுரங்கத்தையும் இரண்டு மீட்டர் ஆழப்படுத்தலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. ஊர் வாயின் மட்டம் மாறாது. நடுவில் தோண்டினால் நீர் குட்டையாகத் தேங்கும். மலைப்பக்கம் நீட்டித்துக்கொண்டு போவதுதான் வழி, அதற்கு காரேஸ்கன் வேண்டும். பழைய வழக்கத்தில் காரேஸைச் சுற்றி ‘ஹரீம்’ என்று ஓர் எல்லை உண்டு, அதற்குள் புதுக் கிணறு கூடாது. போர்க்காலத்தில் அதைக் கேட்க ஆளில்லை. டீசல் பம்பாவது எண்ணெய் விலைக்குப் பயந்து நின்றது. தென்மேற்கில் இப்போது பரவிவிட்ட சோலார் பம்புக்குப் பொழுது சாயும்வரை நிற்கக் காரணமே இல்லை. பம்பு வைத்தவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. குளிர்காலத்தில் தேவையில்லாதபோதும் ஓடிக்கொண்டிருக்கும் காரேஸ் நீரைவிட, வேண்டும்போது வரும் நீர் அவருக்கு லாபம். பம்பு வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள்தான் மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

திருத்தம் போடுவதானால் படவிளக்கம் இப்படி இருக்கலாம்: ‘காரேஸ் குழிகள். மலையை ஒட்டிய கடைசிக் குழி தாய்க்கிணறு. வரிசையின் நடுவில் மண்வளையம் இல்லாமல் தட்டையாகத் தெரியும் மூன்று குழிகள் தூர்ந்துவிட்டவை. மறுகோடியில் பழுப்பாக இருப்பது ஊரின் வயல்.’

இப்படிக்கு,
நிலத்தடி நீர்ப் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்