இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முட்டுவலி முன்னைக்கு இப்போது தேவலை. அக்கா மகனுக்கு மாசி முதல் வாரத்தில் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் மடி வேண்டுமே என்று சம்பந்தி வீட்டில் கேட்டார்கள். பெரியப்பா மகன் இருக்கிறான், அவனும் மாமன்தானே என்று சொல்லிவிட்டேன். நீ அதை நினைத்து வருத்தப்படாதே. வர முடியாது என்றால் முடியாதுதான்.

போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அக்காவை டைப் அடிக்கச் சொன்னால் அவளும் படிப்பாள். அதனால் நோட்டுத் தாளில் எழுதி, நானே படம் பிடித்து அனுப்புகிறேன். முழுவதும் படி. பாதியில் விட்டுவிட்டு நேரமில்லை என்று சொல்லாதே.

சாயங்காலம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய்? போன தடவை கேட்டதற்கு, “சாப்பிடுவேன்ப்பா” என்றாய். நான் கேட்டது நேரத்தை.

கார்த்திகையில் உன்னைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் தைவானைப் பற்றியே கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் சில்லு செய்கிற கம்பெனிகளைப் பார்த்தீர்களா என்று கேட்கிறார்கள். ஷின்ச்சுவில் பஸ்ஸில் போகும்போது வெளியிலிருந்து பார்த்தேன், பெரிய பெரிய கட்டிடம், அவ்வளவுதான். ராத்திரிச் சந்தையைப் பற்றித்தான் நான் ஆரம்பிப்பேன். ஆரம்பித்தால் கல்லில் புரோட்டா கருகுவது கூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். என் மகன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.

ஷின்ச்சுவில் அந்த நகர் காக்கும் சாமி கோவில், 1748-ல் கட்டியது என்றாய். கட்டபொம்மன் பிறப்பதற்கு 12 வருஷம் முன்னால். கோவில் வாசலை அடைத்துக்கொண்டு கடைகள், சாமிக்கு நேரே பெஞ்சு போட்டுச் சாப்பிடுகிறார்கள். நம் பங்குனிப் பொங்கலுக்கு வருஷத்தில் சில நாள் நடப்பது, அங்கே தினமும் நடக்கிறது. அரிசிச் சேவை வாங்கிக் கொடுத்தாய். அந்த ஊர்க் காற்றில் காய வைப்பதால்தான் அந்தச் சேவைக்கு நல்ல பேர் என்று சொன்னாய். அந்தக் காற்றில் நிற்கவே முடியவில்லை. நீ ஸ்வெட்டர் போடாமல் நின்றாய், அதையும் பார்த்தேன்.

தைபேயில் ராவ்ஹே தெரு, கடலுக்குப் போகிறவர்களைக் காக்கிற மாட்ஸு அம்மன் கோவில் பக்கத்தில் தொடங்குகிறதே, அங்கே அந்த மிளகு ரொட்டிக்காரர்கள். மாவுக்குள் கறியும் வெங்காயத்தாளும் திணித்து, எள்ளில் புரட்டி, மண் அடுப்பின் உள்சுவரில் கையை விட்டு ஒட்டுகிறார்கள். நான் நின்ற நேரத்தில் ஒன்று கூட நழுவி விழவில்லை. பன்றிக்கறி என்று நீ சொன்னதும் எனக்கு வேண்டாம் என்றேன். நீ இரண்டு கடி கடித்துவிட்டு, மீதியைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாய். என் முகத்தில் ஏதோ பார்த்திருக்கிறாய். எனக்கு ஒன்றும் இல்லை தம்பி, பழக்கம் இல்லை என்பதுதான். சூடாகச் சாப்பிட வேண்டியதை என்னால் ஆறவிட்டாய். ஊருக்கு வந்த பிறகும் அது மனதில் கிடக்கிறது.

சர்க்கரைவள்ளி உருண்டை போடுகிற பெரியவரை மறக்கவே முடியாது. கிழங்கை மசித்து மரவள்ளி மாவு சேர்த்துப் பிசைந்த சின்ன உருண்டை. எண்ணெயில் மிதந்ததும் ஜல்லிக்கரண்டியால் சட்டியின் அடியோடு அழுத்துகிறார். தட்டையாகிப் போகிறது. கரண்டியை எடுத்தால் உப்பிக்கொண்டு மேலே வருகிறது. மறுபடி அழுத்துகிறார், மறுபடி உப்புகிறது, ஒவ்வொரு தரமும் கொஞ்சம் பெரிதாக. கடைசியில் உள்ளே ஒன்றுமே இல்லாமல், வெளியே மொறுமொறுவென்று, கையில் எடுத்தால் கனமே இல்லை. பூரியை நாம் ஒரு தரம் அழுத்துவோம். அவர் சலிக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார். எண்ணெயின் சூட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சத்தத்திலேயே தெரிந்துகொண்டார். வேலைக்காரர்.

வெங்காயத்தாள் ரொட்டியை இரண்டு சட்டுவத்தால் பக்கவாட்டில் குத்திக் குத்தி அடுக்கைப் பிரித்தானே ஒரு பையன், அது நம் புரோட்டா அடிக்கிற வேலையேதான். நாம் கையால் அடிக்கிறோம், அவன் இரும்பால். அப்போது நீ என்னைப் பார்த்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இனி உன் ரூமுக்குப் பின்னால் கூடுகிற சின்னச் சந்தை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் சந்தை, கடைக்காரர்கள் வண்டியோடு இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், நம் வாரச்சந்தை போலத்தான் என்று சொன்னாய். கோழி வறுவல் கடைக்குக் கூட்டிப் போனாய். பரப்பி வைத்ததிலிருந்து கோழித்துண்டு, காளான், பீன்ஸ் என்று வேண்டியதை நாமே கூடையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தம்மா அதைக் கத்தரிக்கோலால் நறுக்கி எண்ணெயில் போட்டார். அந்தம்மாவை நீ ‘ஆயி’ என்று கூப்பிட்டாய். அவர்கள் பாஷையில் சித்தி என்றாய். நம் பக்கம் ஆயி என்றால் பெற்றவள். அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ போல் இருந்தது.

அந்தம்மா காசு வாங்கவில்லை. உன் தோளில் தட்டி ஏதோ சொன்னார், உன் காது சிவந்தது. என்ன சொன்னார் என்று கேட்டேன். ‘சும்மா’ என்றாய். அப்புறம் எண்ணெய் லேசாகப் புகைந்தது. அந்தம்மா அந்தப் பக்கம் திரும்பி நின்றார். உன் கை தானாக அடுப்புத் திருகுக்குப் போய், பாதியில் நின்று, சட்டைப்பைக்குள் போய்விட்டது.

கடைசியில் ஒரு பிடி இலை போட்டார். திருநீற்றுப் பச்சிலை வாசம். ‘ஒன்பது அடுக்குக் கோபுரம்’ என்று அந்த இலைக்குப் பேர் என்றாய். கழுவின ஈரத்தோடு போட்டார். சடசடவென்று எண்ணெய் முழங்கை உயரத்துக்குத் தெறித்தது.

உன் வலது கையில், முழங்கைக்குக் கீழே, ஏழெட்டுப் புள்ளி இருக்கிறது. மிளகு அளவு. சிலது ஆறி வெளுத்துவிட்டது, இரண்டு அப்போதுதான் பட்டது. முதல் நாளே கேட்டேன். லேபில் சூட்டுத் தட்டு பட்டுவிட்டது என்றாய். சரி என்று விட்டுவிட்டேன். தட்டு பட்டால் பட்டையாக விழும் தம்பி. 31 வருஷமாகக் கல்லுக்கு முன்னால் நிற்கிறேன்.

நான் எதுவும் கேட்கவில்லை. அந்த மாதிரிக் கடையில் நிற்கிற பிள்ளை யாராக இருந்தாலும் இதைச் சொல். இலையைக் கழுவியதும் துண்டில் பரப்பி உலர்த்த வேண்டும். ஒரு மணி நேரம் போதும். இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும். மேலிருந்து எறியாமல் ஓரமாகச் சரித்துவிட வேண்டும், இடது கையில் ஒரு மூடியை மறைப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பருத்தியில் முழுக்கைச் சட்டை. நைலான் கூடாது, தோலோடு ஒட்டிக்கொள்ளும். காலுக்கு ரப்பர் செருப்பு கூடாது, மூடின ஷூ. சிலிண்டர் டியூபைத் தினமும் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, சாப்பிட்டுவிட்டு நிற்க வேண்டும். அடுப்பு வாசனையில் பசி செத்துப்போகும். எல்லோருக்கும் கொடுத்து முடித்துக் கடை கழுவும்போது மணி பன்னிரண்டு ஆகும், அப்போது வயிறு எரியும். என் வயிற்றுப்புண் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். அதனால் சாப்பிட்டுவிட்டு நிற்கச் சொல். நாலு மணிக்கே சாப்பிடச் சொல்.

உன் போனைப் பற்றி. புதன், வெள்ளி, சனி, ஞாயிறு, இந்த நாலு நாளும் நம் நேரம் 2.30 மணியிலிருந்து 8.30 மணி வரை நீ போன் எடுப்பதில்லை. அம்மா, பிள்ளை லேபில் இருக்கிறான் என்கிறாள். அங்கே அது 5 மணியிலிருந்து 11 மணி. இங்கே நான் கடை நடத்துகிறதும் அதே 5 மணியிலிருந்து 11 மணி வரைதான். நாலு நாள், ஆறு ஆறு மணி நேரம், 24 ஆகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் படிப்பு நாளில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, அதற்கும் அனுமதி வாங்க வேண்டும் என்று முதல் வருஷம் நீயேதான் சொன்னாய். உதவித்தொகை நாலு வருஷத்துக்குத்தான் என்றும் போகும்போதே சொன்னாய். இது ஐந்தாவது வருஷம். பணம் மட்டும் மாதம் தவறாமல் வருகிறது. ஐப்பசியிலிருந்து பாதி பாதியாக இரண்டு தவணையில் வருகிறது.

இனிமேல் அனுப்ப வேண்டாம். பேங்க் லோனுக்கு நான் கட்டுகிறேன். கடை நன்றாக ஓடுகிறது. பண்டிகைக்கு எண்ணெய்ப் புரோட்டா 400 போட்டோம். இதை உன் பேரில் குறையாகச் சொல்வதாக நினைக்காதே. நம் சொந்தத்திலேயே ஆராய்ச்சிப் படிப்பு வரை போனவன் நீ ஒருத்தன். ஆனாலும் மறைத்தாயே என்று கோபம் வந்தது. விமானத்தில் சிங்கப்பூர் வரை அந்தக் கோபத்தோடுதான் வந்தேன். அப்புறம் அந்தக் கோபம் நிற்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தம்மாவின் மகள் நினைவிருக்கிறதா? பள்ளிச் சீருடையில், கடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் வந்ததும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து, சில்லறை கொடுத்து, பொட்டலத்தில் மிளகுப்பொடி தூவி, மறுபடி உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து போட்டாள். ஒருத்தரும் அவளை வித்தியாசமாகப் பார்க்கவில்லை. நீ இன்னொரு கடையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாய். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ பத்தாவது படித்த வருஷம், பங்குனிப் பொங்கல் சமயம். உதவிக்கு வருகிற பையன் வரவில்லை, கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். நீயாக வந்தாய். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நான் சால்னா ஊற்றப் போன நேரத்தில் கல்லிலிருந்து எடுத்து அடித்துக்கொண்டிருந்தாய். ஆறு புரோட்டா. யாரோ ஒருத்தர், “மாஸ்டருக்கு வாரிசு வந்தாச்சு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நல்ல மாதிரியாகத்தான் சிரித்தார்கள். நான் வந்து உன்னை அறைந்தேன். என் ஐந்து விரலும் மைதாவாக உன் கன்னத்தில் இருந்தது. நீ அழவில்லை. சட்டுவத்தைக் கீழே போடவும் இல்லை. கல் ஓரத்தில் எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்துவிட்டுப் போனாய்.

படிக்கிற பிள்ளை அடுப்படிக்கு வரக் கூடாது என்றுதான் அடித்தேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். இத்தனை வருஷமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறேன். அது உண்மை இல்லை. நீ அடித்த ஆறும் அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது, எனக்கு அந்தக் கை வர இரண்டு வருஷம் ஆனது. வாரிசு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என் தொழிலை நினைத்து வெட்கம் வந்தது. அந்த வெட்கத்துக்கு உன்னை அடித்தேன். அதற்குப் பிறகு நீ கடைப்பக்கம் வரவே இல்லை. பார்சல் வாங்கக்கூட அக்காவைத்தான் அனுப்பினாய். அடுப்புக்கு முன்னால் நிற்பது அப்பாவிடம் மறைக்க வேண்டிய காரியம் என்று உனக்கு வேறு யாரும் சொல்லித்தரவில்லை.

இதை அங்கேயே, அந்தச் சந்தையிலேயே சொல்லியிருக்க வேண்டும். பத்து நாள் கூடவே இருந்தேன். வாயே வரவில்லை.

படிப்பை முடி. எத்தனை மாதம் இருக்கிறது, பேராசிரியர் என்ன சொல்கிறார் என்று எழுது. 20 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாளைக் குறைத்துக்கொள். அந்தம்மாவிடம் சொன்னால் புரிந்துகொள்வார், முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. என் சார்பில் ஒரு வணக்கம் சொல். நாலு மணிக்குச் சாப்பிட்டுவிடு. இலையை உலர்த்து.

கடை நேரத்தில் நான் போன் எடுக்க மாட்டேன் என்று நீ கூப்பிடுவதையே விட்டுவிட்டாய். இனி அங்கே கடையைக் கழுவி முடித்ததும் கூப்பிடு. இங்கே எட்டரை, ஒன்பது ஆகியிருக்கும், கூட்டம் இருக்கும். இருக்கட்டும், சட்டுவத்தைப் பையனிடம் கொடுத்துவிட்டு எடுப்பேன். கையைத் துடைத்துவிட்டு எடுக்கக் கொஞ்சம் நேரமாகும். அதனால் உடனே வைத்துவிடாதே, இரண்டு தரம் அடிக்க விடு.

அன்புடன்,
அப்பா