கையெழுத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை: ராணுவ ஆள்சேர்ப்பு அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ராணுவத்தில் 4 வருஷத்துக்குச் சேர்கிற அக்னிவீர் விண்ணப்பம் திறந்துவிட்டால் கல்லல், குன்றக்குடி, பள்ளத்தூர் பக்கத்துப் பையன்கள் பலரும் என் கடைக்குத்தான் வருவார்கள். போட்டோ அளவைக் குறைப்பது, ஆதாரில் இருக்கிற பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, 250 ரூபாய் தேர்வுக் கட்டணம் கட்டுவது எல்லாம் நான்தான். என் தம்பிக்கும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். அவனுக்கு நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவனுக்கு 19 வயது. ஒன்றரை வருஷம் விடியற்காலை நாலரைக்கு எழுந்து கண்மாய்க் கரையில் ஓடினான். முழு மதிப்பெண் வாங்க 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும் என்று ஊரே அவனோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எழுத்துத் தேர்வு, ஓட்டம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் தாண்டிப் பட்டியலில் பெயர் வந்த அன்று அப்பத்தா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். கிளம்ப 9 நாள் இருக்கும்போது ராத்திரி மொட்டைமாடிக்கு வந்து, "அக்கா, எனக்குப் போக மனசில்லை" என்றான்.

ஏன்டா என்று கேட்டேன். வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை, வேறு வேலையும் கிடைக்கவில்லை. "ஓடுறது பிடிச்சிருந்துச்சுக்கா, அதுக்கப்புறம் என்னன்னு நான் யோசிக்கவே இல்லை" என்றான். அவ்வளவுதான் காரணம். அது போதாத காரணம் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நம் நாட்டில் கட்டாய ராணுவ சேவை கிடையாது, விருப்பப்பட்டுத்தான் சேர்கிறார்கள், அப்படியானால் விருப்பம் இல்லை என்பதும் ஒரு காரணம்தானே.

மறுநாள் அவன் பயிற்சி எடுத்த மையத்தில் போய்க் கேட்டிருக்கிறான். இப்போது விலகினால் போலீஸ் வீட்டுக்கு வரும், பாஸ்போர்ட் கிடைக்காது, ஆயுசுக்கும் அரசாங்க வேலை கிடையாது, நீ இப்போதே ஓடிப்போன சிப்பாய் கணக்குதான் என்று சொல்லியிருக்கிறார்கள். அதோடு அவனுடைய பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்கள் அவர்களிடம்தான் இருந்தன. பணத்தைக் கட்டிவிட்டு வாங்கிப் போ என்றார்களாம்.

விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். மூன்று நாள். அம்மா சாப்பிடவே இல்லை. கடைசியில் தேவகோட்டையில் கண்டுபிடித்தோம். எங்கள் அத்தை அங்கே பூட்டிக்கிடக்கிற ஒரு பெரிய வீட்டைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்கிறார், அந்த வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் லைட்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தான். ஜீப் சத்தம் கேட்டாலே எழுந்து உள்ளே போனான் என்று அத்தை சொன்னார். எந்தத் தப்பும் செய்யாத பையன்.

அப்புறம்தான் நான் ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு விடாமல் போன் அடித்தேன். பல தடவைக்குப் பிறகு எடுத்தவர் நல்லபடியாகத்தான் பேசினார். "வரலைன்னா பேரை எடுத்துருவோம்மா, வேற ஒண்ணும் இல்லை." இந்த ஒரு வரிதான் சார். இந்த ஒரு வரி முதலிலேயே தெரிந்திருந்தால் அந்த மூன்று நாள் எங்கள் வீட்டில் நடந்திருக்காது.

அதன் பிறகு 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தை எடுத்து உட்கார்ந்து படித்தேன். சேர்க்கும் அதிகாரி, சேர வந்தவனுக்குப் பணி நிபந்தனைகளைப் படித்துக் காட்டி விளக்க வேண்டும் என்று 13ஆவது பிரிவு சொல்கிறது. அவன் புரிந்துகொண்டான், சம்மதிக்கிறான் என்று அதிகாரிக்குத் திருப்தியான பிறகுதான் இருவரும் கையெழுத்திட வேண்டும், அப்போதுதான் அவன் சேர்ந்தவன் ஆவான் என்று 14ஆவது பிரிவு. படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டம் எழுதியவர்கள் இவ்வளவு அக்கறையாக எழுதியிருக்கிறார்கள், எங்கள் பையன்களிடம் அது வந்து சேரவில்லை.

கையெழுத்துக்குப் பிறகு கதை வேறு, அதையும் பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விடுப்பு இல்லாமல் போனால் 39ஆவது பிரிவில் 3 வருஷம் வரை சிறை. ஓடிப்போனால் 38ஆவது பிரிவில், போர்க்களப் பணி இல்லாத காலத்திலேயே 7 வருஷம் வரை. அக்னிவீரர்கள் 4 வருஷம் முடியும் முன் தாங்களாக விலக, மிக விதிவிலக்கான சூழ்நிலையில் தவிர, அனுமதி இல்லை. அப்படி விலகினாலும், 4 வருஷ முடிவில் மொத்தமாகக் கொடுக்கிற சேவா நிதியில் தன் சம்பளத்தில் பிடித்த பங்கும் வட்டியும்தான் வரும், அரசின் பங்கு வராது. ஆகவே பயத்தினால் பேசாமல் ரயில் ஏறுகிற பையன்தான் நாளைக்கு நிஜமான குற்றத்தில் மாட்டுகிறான். முன்னாலேயே மனசைத் திறந்து சொல்ல இடம் கொடுத்தால் உங்கள் ராணுவப் பயிற்சி மையத்துக்கும் நல்லது.

எங்கள் செட்டிநாட்டில் அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பார்க்க, போனவர்கள் மூன்று வருஷக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். என்ன சம்பளம், எத்தனை காலம் என்று எல்லாம் அதிலே தமிழில் இருக்கும். நான்கு வருஷத்துக்குப் போகிற பையன் கையிலும் அப்படி ஒரு தமிழ்த் தாள் இருக்கக் கூடாதா? நுழைவுத் தேர்வையே தமிழில் எழுதலாம் என்று ஆக்கிவிட்டீர்கள், அது பெரிய காரியம். புறப்படும் உத்தரவோடு ஒரே ஒரு பக்கம் தமிழில் கொடுங்கள். எந்த நிமிடத்திலிருந்து ராணுவச் சட்டம் பொருந்தும், அதற்கு முன் விலகினால் என்ன ஆகும், எந்த நாளுக்குள் யாரிடம் சொல்ல வேண்டும், எடுக்கிற போன் எண் எது, இவ்வளவுதான் வேண்டும்.

எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது முக்கியம். ஏனென்றால் என் தம்பியும் தப்பு செய்திருக்கிறான். அதே கண்மாய்க் கரையில் அவனோடு ஓடிய பக்கத்து ஊர்ப் பையன் கொஞ்ச மதிப்பெண்ணில் பட்டியலில் வராமல் போனான். அந்தப் பையனின் அம்மா என் கடைக்கு வந்து, "உன் தம்பி வேண்டாம்னு முன்னாலயே சொல்லியிருந்தா என் மகனுக்குக் கிடைச்சிருக்குமா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒருவன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து விலகினால் அந்த இடம் அடுத்தவனுக்குப் போகும்படி செய்யுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஊரில் தனியாகப் பயிற்சி மையம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் பையன்களை ஓட வைக்கிறீர்கள், ஒழுக்கம் சொல்லித் தருகிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ள உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. தம்பியின் சான்றிதழ்கள் திரும்பி வருவதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிட்டது. போலீஸும் வரவில்லை, வாரண்டும் வரவில்லை, போனது அந்த ஒரு வருஷம்தான். இப்போது ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறைக்கு வேலைக்குப் போகிறான், அடுத்த ஜூனில் கல்லூரியில் சேர்ப்போம்.

அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் தட்டச்சு செய்ய ஆள் வேண்டுமென்றால் நானே செய்து தருகிறேன், காசு வேண்டாம். அடுத்த விண்ணப்பம் திறப்பதற்குள் வந்தால் என் கடைக் கதவிலேயே முதல் தாளை ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு அக்கா