ரேட்டு மட்டும் அது சொல்ல வேண்டாம்

அன்புள்ள மகளே,

போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், எனக்குக் குக்கர் விசில் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்குச் சளி குறைந்திருக்கிறது. குலசேகரத்தில் மழை விட்டபாடில்லை. ரப்பர் மரத்துக்கு மழை படாமல் பிளாஸ்டிக் கட்டியவர்கள் மட்டும்தான் பால் வெட்டுகிறார்கள். கடைக்கு ரப்பர் ஷீட் வரத்து குறைந்துவிட்டதால் முதலாளி கொஞ்சம் ஓய்வாக இருக்கிறார், உன் விஷயத்தைத் தினமும் விசாரிக்கிறார்.

வாட்சப்பில் பதில் சொல்கிற ஏஐ உதவியாளர் ஒன்றைக் கடைக்குச் செய்து கொடுத்தால் முதலாளி வாங்குவாரா என்று கேட்டாய். வாங்குவார். இத்தனை வருஷம் கணக்கு எழுதுகிறவளின் மகள் என்று என் முகத்துக்காகவே வாங்குவார். அதுதான் எனக்கு யோசனையாக இருக்கிறது.

நீ அனுப்பிய மாதிரியைக் கொஞ்ச நாளாக நோண்டிக்கொண்டிருக்கிறேன். தமிழ் நன்றாகவே வருகிறது, என்னைவிட மரியாதையாகப் பேசுகிறது. கடை எத்தனை மணிக்குத் திறக்கும், பால் உறைய வைக்கும் ஆசிட் இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை எடை போடுவார்களா என்றெல்லாம் கேட்டேன். சரியாகச் சொன்னது. பிறகு, "இன்னைக்கு ஷீட் ரேட்டு என்ன?" என்று கேட்டேன். ரப்பர் போர்டு அறிவித்த கோட்டயம் விலையை அப்படியே சொல்லி, உங்கள் ஷீட்டைக் கொண்டு வாருங்கள் என்று கும்பிடும் போட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

கடைக்கு நாள் முழுக்க வரும் கேள்வி அதுதான். பார்த்தால் அதைவிடச் சுலபமான கேள்வி இல்லை. ஆனால் முதலாளி இரண்டு பேருக்கு அதற்கு ஒரே பதில் சொல்லி நான் கேட்டதில்லை. போர்டு சொல்வது ஆர்.எஸ்.எஸ். 4 என்கிற, புகையில் உலர்த்திய ஷீட்டின் ஒரு தரத்துக்கான விலை. நம்மிடம் வருவதெல்லாம் அந்தத் தரமா? ஷீட்டைக் கண்ணால்தான் தரம் பிரிக்கிறார்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, குமிழ் இருக்கிறதா, பூசணம் பிடித்திருக்கிறதா, நடுவில் வெள்ளையாக ஈரம் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலை. மழையில் காயாத ஷீட்டுக்கு ஒரு விலை, மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்த ஒட்டுப்பாலுக்கு வேறு விலை. அதற்கு மேல் ஆளைப் பொறுத்தும் மாறும். முன்பணம் வாங்கியவர், தோட்டம் குத்தகைக்கு எடுத்து மொத்தமாகக் கொண்டு வருகிறவர், கல்யாணச் செலவுக்காக அவசரமாக விற்க வந்தவர். கேட்கிறவர் வேறு கடைகளுக்கும் போன் போட்டுவிட்டுத்தான் இங்கே போடுகிறார் என்பதும் முதலாளிக்குத் தெரியும். அதனால் "கொண்டு வா, பாத்துட்டு சொல்லுகேன்" என்பார். மழுப்புகிறார் என்று நினைக்காதே. இந்த வியாபாரத்தில் விலை சொல்லும் முறையே அதுதான்.

உன் உதவியாளர் சொன்ன ரேட்டை நம்பி ஒருவர் பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து இறங்கினால், போனைத்தான் முதலில் நீட்டுவார். அப்புறம் முதலாளி என்ன செய்வார்?

ஏர் கனடா வழக்கு உனக்குத் தெரிந்திருக்கும். 2022இல் பாட்டி இறந்து பயணம் போன ஒருவரிடம், துக்கத்துக்கான கட்டணச் சலுகையை டிக்கெட் எடுத்து 90 நாளுக்குள் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம் என்று கம்பெனியின் சாட்பாட் சொல்லிவிட்டது. கம்பெனியின் விதியில் பயணம் முடிந்தபின் அப்படிக் கேட்க வழியே இல்லை. சாட்பாட் சொன்னதற்கு அதுவே பொறுப்பு, நாங்கள் இல்லை என்கிற மாதிரி கம்பெனி வாதாடிப் பார்த்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கும் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, 2024 பிப்ரவரியில் பணத்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டது. கடைப்பையன் சொன்ன விலைக்கு முதலாளி பொறுப்பில்லை என்று நம் சந்தையில் யாராவது பேச முடியுமா? விமானக் கம்பெனிக்கு அது சில நூறு டாலர். இங்கே ஒரு தடவை வாக்கு மாறினால் அந்த வீட்டு ஷீட் எதிர்க்கடைக்குப் போகும், பிறகு அவர் மச்சான் வீட்டு ஷீட்டும் போகும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று நீ படம் போட்டு விளக்கியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. உள்ளே இருந்து பேசுகிற அந்த ஏஐ மாடலுக்கு நம் கடையைப் பற்றி எதுவும் தெரியாது. கடையின் காகிதங்களைத் துண்டு துண்டாக்கி வைத்திருப்பீர்கள். கேள்வி வந்ததும் அதற்குப் பொருத்தமான துண்டைத் தேடி எடுத்து மாடலின் முன்னால் போடுவீர்கள். அதைப் பார்த்து அது வாக்கியம் கட்டும். துண்டு கிடைக்காவிட்டாலும் சில சமயம் கூசாமல் கட்டிவிடும். சரி. அப்படியானால் எங்கள் காகிதம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? போன தடவை உனக்கு அனுப்பிய விலைப்பட்டியல்களில் பாதிக்கு மேல் தேதி இல்லை. பழைய பட்டியலும் நேற்றைய பட்டியலும் அந்தத் தேடலுக்கு ஒன்றுதான். தினம் மாறுகிற எதையும் காகிதக் கட்டிலிருந்து எடுக்க விடாதே. ஆசிட், பிளாஸ்டிக், பால் வெட்டும் கத்தி இருப்பு விவரத்தை இப்போது கவுண்டரில் இருக்கும் பிள்ளை காலையில் ஒரு இடத்தில் மாற்றட்டும், அங்கிருந்து மட்டும் அது படிக்கட்டும். அன்றைக்கு மாற்றவில்லையென்றால் தெரியாது என்று சொல்லட்டும். ரேட்டு மட்டும் அது சொல்லவே வேண்டாம். போர்டு விலை கேட்டால், இது போர்டு விலை, கடை விலை முதலாளி ஷீட்டைப் பார்த்துச் சொல்வார் என்று சொல்லிவிட்டு அவருக்குத் தகவல் அனுப்பட்டும். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அனுப்பினால் அவர் பார்க்க மாட்டார், அந்த நேரத்தில் அவரை எழுப்ப இந்த ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது. அந்தப் பிள்ளையின் போனுக்குத்தான் போக வேண்டும். தன் வேலை போய்விடுமோ என்று அவளுக்கு ஒரு பயம் இருக்கிறது. இந்த ஏற்பாட்டை அவளை வைத்துக்கொண்டு நீயே பேசு.

பற்று வரவு லெட்ஜரைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாக்கி எவ்வளவு என்று கேட்டால் போன் நம்பரை வைத்து ஆளைக் கண்டுபிடித்துச் சொல்லும்படி செய்யலாம் என்று எழுதியிருந்தாய். உங்கள் ஊரில் ஆளுக்கொரு போன் இருக்கலாம். இங்கே அப்பா நம்பரில் மகன் பேசுவான், மருமகள் பேசுவாள், வெட்டுக்காரர் வாய்ஸ் மெசேஜ் போடுவார். யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பது பல வீடுகளில் வீட்டுக்காரிக்கே தெரியாது. முதலாளியும் நானும் அதைப் பக்கத்தில் ஆள் நின்றால் வாய்விட்டுப் படிக்க மாட்டோம். தனிநபர் தரவைப் பாதுகாக்க 2023இல் சட்டமே வந்திருக்கிறது என்கிறாய், சட்டம் இருக்கட்டும். அது இல்லாத காலத்திலும் லெட்ஜர் மேஜை உள்ளேதான் இருந்தது. அதை அந்தப் பெட்டிக்குள் போடவே போடாதே.

வாய்ஸ் மெசேஜ் என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. நம்மிடம் எழுத்தில் கேட்பவர்கள் குறைவு. அருமனை, களியல் பக்கத்து ஆட்கள் பாதி மலையாளம் கலந்து, மழைச் சத்தத்துக்கு நடுவே பேசி அனுப்புவார்கள். மற்ற வார்த்தைகளில் ஒன்றிரண்டு தப்பினாலும் சமாளித்துக்கொள்ளலாம், கிலோக் கணக்கு தப்பினால் தொலைந்தது. எண் வந்தால் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேட்கட்டும். பிள்ளையின் போனில் பழைய மெசேஜ்கள் கிடக்கின்றன. அனுப்பியவர்களிடம் கேட்டுக்கொண்டு, பேர் நம்பர் எடுத்துவிட்டு, அதில் கொஞ்சத்தைச் சோதனைக்கு வைத்துக்கொள். மாடலை மாற்றும்போதெல்லாம் அதே கேள்விகளைப் போட்டுப் பார். நீயே உட்கார்ந்து எழுதும் கேள்விகள் எல்லாம் கோயம்புத்தூர்த் தமிழில் இருக்கின்றன, கோபித்துக்கொள்ளாதே.

காசு விஷயம். தமிழ் எழுத்தை அந்த மாடல்கள் இங்கிலீஷைவிட அதிகத் துண்டாக வெட்டும், அந்தத் துண்டுக் கணக்கில்தான் காசு, அதனால் செலவு கூடும் என்றாய், வாட்சப்பும் சில வகை மெசேஜுக்குத் தனியாகக் காசு வாங்குகிறது. இதெல்லாம் முதலாளிக்கு வேண்டாம். மாசம் இவ்வளவு, அதற்கு மேல் ஒரு ரூபாய் போகாது என்று ஒரே தொகை சொல். மேலே போனால் உதவியாளர் நின்றுவிடட்டும், பில் ஏறக்கூடாது.

இவ்வளவும் எழுதிவிட்டு என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். முதல் கடையாக எங்கள் கடையை எடுக்காதே. கன்னியாகுமரியில் லாட்ஜ் வைத்திருக்கிறவர்களைப் போய்ப் பார். கார்த்திகை பிறந்து சபரிமலை சீசன் தொடங்கினால் அங்கே ரிசப்ஷனில் இருப்பவன் படும் பாடு எனக்குத் தெரியும், உன் பெரியம்மா மகன் அந்த வேலை பார்த்தவன்தானே. சூரிய உதயம் எத்தனை மணிக்கு, மொட்டை மாடியிலிருந்து தெரியுமா, விவேகானந்தர் பாறைக்குப் படகு டிக்கெட் எங்கே எடுப்பது, வள்ளுவர் சிலைக்குப் போகும் கண்ணாடிப் பாலத்தில் நடக்கலாமா, பஸ்ஸை எங்கே நிறுத்துவது. 2024 கடைசியில் அந்தப் பாலம் திறந்ததிலிருந்து அந்தக் கேள்வி ஒன்று கூடுதல். தெலுங்கு, இந்தி, வங்காளம், கன்னடம், மலையாளம் என்று எல்லா மொழியிலும் வரும், ராத்திரி இரண்டு மணிக்கும் வரும். பதில் பெரும்பாலும் ஒன்றேதான், தப்பினாலும் யார் கடனும் வெளியே வராது. அங்கேயும் இரண்டு இடத்தில் வாயைக் கட்டு. ரூம் வாடகையைப் பேரம் பேசவோ குறைக்கவோ கூடாது. நாளைக்குப் படகு ஓடும் என்று உறுதி சொல்லக் கூடாது. கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அது லாட்ஜ்காரர் கையில் இல்லை.

லாட்ஜ் சரியாக ஓடினால் அடுத்த மழைக்காலத்துக்குள் எங்கள் கடைக்கு வா. முதலாளியிடம் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். "நம்ம பிள்ள நமக்கு முதல்ல செய்யாம லாட்ஜுக்குச் செய்யுதா?" என்று ஒரு முறை முறைத்தார், பிறகு தலையாட்டினார்.

ஊருக்கு வரும்போது திங்கள்கிழமை கடையில் இருக்கிற மாதிரி வா, அன்றைக்குத்தான் வரத்து அதிகம். தராசுப் பக்கத்தில் ஸ்டூல் போடச் சொல்கிறேன். காலையிலிருந்து மத்தியானம் வரை பேசாமல் உட்கார்ந்து யார் என்ன கேட்கிறார்கள், எதற்கு முதலாளி நேராகப் பதில் சொல்லவில்லை என்று எழுதிக்கொள். லேப்டாப் வேண்டாம், நோட்டுப் போதும். லேப்டாப்பைப் பார்த்தால் வருமானவரி ஆள் என்று நினைத்து ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அப்பாவின் பழைய ஸ்வெட்டர் உன் அறையில்தான் இருக்கிறதாம், எடுத்து வரச் சொல்கிறார்.

அன்புடன்,
அம்மா