பையனும் டேங்க் டிரைவர் ஆகிறான்

அன்பு மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் எப்படி இருக்கிறீர்கள்? முழங்காலுக்கு ஸ்கேன் எடுக்கப் போவதாகப் போன மாதம் சொன்னாய், டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதவே இல்லை. அந்த டிரைவர் சீட்டில் காலை மடக்கி மடக்கி எத்தனை வருஷம் உட்கார்ந்தாய், முழங்கால் சும்மா விடுமா. எனக்கு வலது காது இன்னும் மந்தமாகிவிட்டது. மழை பெய்வது எனக்கு இடது பக்கம் மட்டும்தான் கேட்கிறது.

சரி, சேதிக்கு வருகிறேன். பையன் அக்னிவீரில் தேர்வாகி டேங்க் பயிற்சிக்கு அகமத்நகர் போனான் என்று சொன்னேன் அல்லவா (இப்போது அகில்யாநகர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எனக்கு இன்னும் வாயில் வரவில்லை), பயிற்சி முடிந்து டிரைவர் டிரேட் கொடுத்திருக்கிறார்கள், பத்து நாள் லீவில் வந்திருக்கிறான். கறுப்பு டாங்கிரி உடுப்பைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தான். காலையில் எழுந்து கொல்லைப்பக்கம் போனவன் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். டிரைவர் என்று அவன் சொன்னதும் முதலில் ஞாபகம் வந்தது உன் முகம்தான், அதனால்தான் இந்தக் கடிதம்.

முந்தாநாள் ராத்திரி மொட்டைமாடியில் படுத்திருந்தபோது கேட்டான்: "அப்பா, சண்டையே இல்லாத வருஷத்தில் நீங்கள் எல்லாம் தினமும் என்னதான் செய்வீர்கள்?" பி.டி., டீ, மெயின்டனன்ஸ் பரேட், லங்கரில் சாப்பாடு, சாயங்காலம் கேம்ஸ், ரோல் கால் என்று அடுக்கினேன். அவன் சரி என்றான். சொல்லி முடித்த பிறகுதான் நான் எதையுமே சொல்லவில்லை என்று உறைத்தது.

ஒரு ரெஜிமென்டில் 45 டேங்க், டி-72 என்றால் ஒவ்வொன்றிலும் கமாண்டர், கன்னர், டிரைவர் என்று மூன்று பேர், இதெல்லாம் அவனுக்கு வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். 41 டன், 780 குதிரைசக்தி என்பதும் மனப்பாடம். ராஜஸ்தானில் மகாஜன் ரேஞ்சில் ஃபயரிங் முடிந்த மறுநாளை எப்படிச் சொல்வது? சுட்டது என்னவோ சில குண்டுகள்தான், அதற்கு அப்புறம் பேரல் சுத்தம் செய்ததுதான் நாள் முழுக்க. நீளக் கழியில் பிரஷ்ஷை மாட்டி, ஆறேழு பேர் வரிசையாக நின்று, ஏலேலோ போடாத குறையாகத் தள்ளுவோம், இழுப்போம். முதலில் வரும் துணி கரியாக வரும், அப்புறம் சாம்பல் நிறம், கடைசியில் வெள்ளையாக வெளியே வரும்வரை நம்ம டேங்க் கமாண்டர் தஃபேதார் சாப் விடமாட்டார். வெள்ளைத் துணி வந்ததும் அதை வெயிலில் பிடித்துப் பார்ப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார், நம் இருவருக்கும் தன் குவளையிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பார். அந்த டீக்காகவே நான் வேலை செய்திருக்கிறேன் மாப்பிள்ளை.

பாலைவனத்தில் ஏர் கிளீனர் கழுவுவது உன் வேலை. டீசலில் கழுவிக் கழுவி உன் கை வெடித்து, சப்பாத்தியைப் பிட்டால்கூட எரியும் என்பாய். ஜூன் மாதம் வெறுங்கையை இரும்பில் வைத்தால் தோல் கொப்பளிக்கும், ஆனாலும் சத்தம் கேட்பதற்காக நீ என்ஜின் டெக்கின் மேல் காதை வைக்கப் போவாய். ஒரு முறை ஒர்க்ஷாப் ஆட்கள் எல்லாம் சரி என்று சொன்ன என்ஜினை நீ மட்டும் ஒத்துக்கொள்ளாமல் நின்றாய். பிரித்துப் பார்த்தபோது ஒரு இன்ஜெக்டர் போயிருந்தது. அந்தக் காது வர உனக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும், ஏழெட்டு இருக்குமா? இந்த அக்னிவீர்களுக்குக் கொடுத்திருப்பது நான்கு வருஷம். நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் அதற்கு மேலும் வைத்துக்கொள்வார்கள். பையன் அந்த இருபத்தைந்தில் வரவேண்டும் என்று அப்பனாக ஆசைப்படுகிறேன். அதைவிட, ஒரு டிரைவர் பழுக்கும் நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்றுதான் வயிறு எரிகிறது. இதை அவனிடம் சொல்லவில்லை.

எல்லையில் படை குவித்த ஆபரேஷன் பராக்ரம் சமயத்தைப் பற்றியும் கேட்டான். பாராளுமன்றத் தாக்குதல் நடந்தது 2001 டிசம்பர் 13, எல்லைக்குப் போன நாம் அடுத்த அக்டோபரில்தான் திரும்ப ஆரம்பித்தோம். பத்து மாதம், ஒரு குண்டும் சுடவில்லை. வலைக்கு அடியில் டேங்க், டேங்குக்குப் பக்கத்தில் குழி வெட்டி நாம். என் கல்யாணம் தையில் வைத்தது தள்ளித் தள்ளி அடுத்த வருஷம் ஆனது. எஸ்டிடி பூத்துக்கு லாரியில் போய் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று மூன்று நிமிஷம் பேசுவோமே, அதில் ஒரு தடவை உன் முறையையும் எனக்கு விட்டுக்கொடுத்தாய். உன் அம்மாவுக்கு அன்று உடம்பு சரியில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இன்றைக்கு வரை அது மனசை உறுத்துகிறது.

வெளிநாட்டுப் படைகளைப் பார்த்திருக்கிறீர்களா என்றதற்குப் பாபினா கதையைச் சொன்னேன். ஜான்சிப் பக்கம் சிங்கப்பூர் கவசப்படை கூட்டுப் பயிற்சிக்கு வந்ததே, 2005இல் தொடங்கியது, நீ அப்போது ஊரில் இருந்தாய். அவர்களுக்கும் நம்மைப் போலவே கறுப்பு பெரே தொப்பி. பிரிட்டிஷ் டேங்க் படையில் எண்ணெய்க் கறை தெரியாமல் இருக்கட்டும் என்று எடுத்த நிறம், இரண்டு நாட்டுக்கும் அப்படியே வந்துவிட்டது. அதில் ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, டிராக் பட்டையில் பின்னை அடித்துக்கொண்டிருந்த என் அருகில் வந்து "அண்ணே, நீங்க தமிழா?" என்றான். சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டேன். அங்கே எல்லா ஆண்பிள்ளைகளும் இரண்டு வருஷம் கட்டாயம் படையில் இருக்கவேண்டுமாம். தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம், இவன் இந்தியாவுக்கு வருவதே முதல் தடவை, அதுவும் ராணுவ உடையில். தமிழ்நாட்டை இன்னும் பார்க்கவில்லை, பாபினா புழுதியைத்தான் பார்த்தேன் என்றான். லங்கரிலிருந்து ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தேன். நம்ம பையன் பிறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, பர்ஸில் இருந்த போட்டோவைக் காட்டினேன். இவனும் டேங்க் ஓட்டுவானா என்று கேட்டான் அவன்.

இன்னொன்று. பையனுக்கு 16 லைட் கேவல்ரி கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று இவன் தாத்தாவுக்கு ஆசை. 1776லிருந்து கணக்கில் இருக்கும் ரெஜிமென்ட், ஆற்காடு நவாபின் குதிரைப்படையாகத் தொடங்கியது, ஆற்காடு நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தானே. எது கிடைக்கிறது என்று பார்ப்போம்.

இப்போது உன்னிடம் கேட்க வந்தது. ஞாயிறு சாயங்காலம் காட்பாடியில் அவனை ரயில் ஏற்றுகிறேன். அதற்கு முன்னால் ஒரு தடவை அவனோடு பேசு. டேங்கோடு தண்ணீருக்குள் இறங்கிக் கால்வாய் தாண்டியதை நீ சொல்லவேண்டும். நான் சொல்லிப் பார்த்தேன், பாதிதான் வந்தது. எல்லா இடுக்கையும் பூசி அடைத்து, ஸ்நார்கல் குழாயை என் மூடியில் மாட்டி, முதல் கியரில் இறங்கினோம். உள்ளே இருட்டு. என்ஜின் இழுக்கிற காற்று முழுதும் அந்தக் குழாய் வழியாக என் தலைமேல் புயல் மாதிரி கொட்டியது. கழுத்தில் எங்கிருந்தோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நடுவில் என்ஜின் நின்றால் உள்ளே தண்ணீரை நிரப்பிய பிறகுதான் மூடி திறக்கும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அந்த நினைப்புத்தான் எனக்கு. தொண்டை மைக்கில் தஃபேதார் சாப் "சல்தே ரஹோ, சல்தே ரஹோ" (போய்க்கொண்டே இரு) என்று தாலாட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். கரையேறி மூடியைத் திறந்ததும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது, நீ முன்னால் இறங்கி டிராக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

எனக்காவது தலைக்கு மேல் குழாய் இருந்தது. முன்னால் தனியாக, திசை காட்டும் கைரோ முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு, இரண்டு லீவரையும் பிடித்திருந்தவன் நீ. அந்த நேரத்தில் உனக்கு எப்படி இருந்தது என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. பையனிடம் சொல்லும்போது போனை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறேன், எனக்கு இடது காது போதும்.

தங்கச்சிக்கு என் அன்பு. முழங்கால் ரிப்போர்ட்டை மறக்காமல் அனுப்பு.

உன்
கன்னர்